நீர் தெளிந்த வரலாறு: தாமிரபரணி மணல் முதல் மீன்தொட்டி வடிகட்டி வரை

மீன்தொட்டியின் நீரைத் தெளிவாக வைத்திருக்க வடிகட்டியினுள் இடப்படும் பொருள்கள் வடிபொருள்கள் எனப்படும். கடைகளில் இவற்றைப் 'பில்டர் மீடியா' என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஸ்பாஞ்சு, மணல், கூழாங்கல், சுட்டமண் வளையம், கரி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மணலும் கரியும் மீன்தொட்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதரின் குடிநீரைத் தெளிவித்தவை. எனவே மீன்தொட்டி வடிபொருள்களின் வரலாறு குடிநீரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அவ்வரலாற்றைப் பத்தமடையையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் தொடக்கமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்ப வரும் பாடம் ஒன்று உண்டு. தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அன்று. கண்ணாடி போலத் தெளிந்த நீரில் மீன்கள் செத்து மிதப்பதும், தெளிந்த குழாய் நீரைக் குடித்த ஊர் நோயில் விழுந்ததும் இதனால்தான்.

பத்தமடையும் ஓடும் நீரும்

பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பேரூராட்சி. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் பாசனப் பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்கு நெய்யப்படும் கோரைப்பாய் உலகப் புகழ் பெற்றது. ஆற்றங்கரையிலும் நீர்நிலை ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, பின்னர் ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைப்பார்கள். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் காயவைத்து மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பாய் நெய்வார்கள்.

இங்கே 'ஓடும் நீர்' என்பது முக்கியமானது. தேங்கிய நீரில் கிடக்கும் புல் விரைவில் அழுகி நாறும். அழுகலை நடத்தும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுவதே காரணம். ஓடும் நீர் புதிய உயிர்வளியைக் கொண்டு வருகிறது. கழிவைக் கொண்டு போகிறது. மீன்தொட்டி என்பது நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் தேங்கிய நீர். அதை ஓடும் நீராக மாற்றுவதே வடிகட்டியின் முதல் வேலை. எவ்வளவு விலை உயர்ந்த வடிபொருளாக இருந்தாலும் அதனூடே நீர் ஓடாவிட்டால் பயன் இல்லை.

ஆறு இன்னொன்றையும் காட்டுகிறது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் பாறைகளுக்கிடையே விழுந்து, சமவெளியில் மணல்மேல் நடந்து, புன்னைக்காயல் அருகே வண்டலைச் சேர்த்துக் கடலில் கலக்கிறது. பெரியது முதலில், சிறியது பின்னர், மிக நுண்ணியது கடைசியில் என்பது ஆறு தன் சுமையை இறக்கி வைக்கும் வரிசை. நல்ல வடிகட்டியிலும் வடிபொருள்கள் இதே வரிசையில்தான் அடுக்கப்படுகின்றன.

மணற்கேணியும் தேற்றாங்கொட்டையும்

கோடையில் ஆற்றுப் படுகையில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். தோண்டியதும் முதலில் கலங்கல் நீர் வரும். அதை இறைத்து விட்டால் சிறிது நேரத்தில் தெளிந்த நீர் ஊறும். தோண்டத் தோண்ட நீர் ஊறும் மணற்கேணியைத் திருவள்ளுவர் கல்விக்கு உவமையாக்கியிருப்பது, இம்முறை அக்காலத்திலேயே எல்லோரும் அறிந்ததாக இருந்ததைக் காட்டுகிறது. மணற்கேணி என்பது உண்மையில் ஓர் இயற்கை வடிகட்டி. பக்கவாட்டில் பல அடி மணலைக் கடந்தே நீர் குழிக்குள் வருகிறது.

மணலுக்கு அடங்காத கலங்கலும் உண்டு. களிமண் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவானவை. மணலின் இடைவெளிகளில் அவை எளிதாக நுழைந்து போகும். இத்துகள்கள் எல்லாம் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றுசேர்ந்து அடியில் படிவதில்லை. மழைக்காலத்துச் செந்நீர் நாட்கணக்கில் தெளியாமல் இருப்பது இதனால்தான்.

இதற்குத் தமிழர் கண்ட வழி தேற்றாங்கொட்டை. தேற்றா மரத்தின் விதையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டு, அதில் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். விதையில் உள்ள பசைப்பொருள்கள் களிமண் துகள்களைப் பிணைத்துத் திரளாக்கும். கனமான திரள்கள் அடியில் படியும். மேலே தெளிநீர் நிற்கும். சங்க நூலான கலித்தொகையில், மனக்கலக்கம் நீங்கிய பெண்ணுக்கு இவ்வாறு விதையால் தெளிந்த நீர் உவமையாகச் சொல்லப்படுகிறது. 'தேற்றுதல்' என்ற சொல் நீரைத் தெளிவித்தலையும் மனத்தை ஆற்றுதலையும் ஒருங்கே குறிப்பது கவனிக்கத்தக்கது. முருங்கை விதைக்கும் இப்பண்பு உண்டு. அதன் புரதம் நேர்மின் தன்மை உடையது என்பதால் எதிர்மின் துகள்களை ஈர்த்துச் சேர்க்கிறது. படிகாரமும் இதே அடிப்படையில்தான் செயல்படுகிறது.

மீன்தொட்டிக் கடைகளில் நீரைத் தெளிவிக்க விற்கப்படும் திரவங்கள் பலவும் இந்தப் பழைய வழியைச் சேர்ந்தவை. அவை கலங்கலைத் திரளாக்கித் தருகின்றன. அத்திரளைப் பிடித்து வெளியேற்ற வடிகட்டி வேண்டும். வீட்டுப் படிகாரத்தை மீன்தொட்டியில் போடக்கூடாது. அது நீரின் காரத்தன்மையைக் குறைத்து அமிலத்தன்மையைக் கூட்டிவிடும்.

மணல் படுகைகள்: பெய்சிலி முதல் கீழ்ப்பாக்கம் வரை

ஒரு நகரத்துக்கே மணலால் நீர் வடிக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் உருவானது. 1804இல் ஸ்காட்லாந்தின் பெய்சிலி நகரில் ஜான் கிப் என்பவர் தம் சலவை ஆலைக்காக வடிகட்டி அமைத்து, மிஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். 1829இல் லண்டனில் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்சு சிம்ப்சன் பெரிய மணல் படுகையைக் கட்டினார். தேம்சு ஆற்று நீர் மெதுவாக மணலில் இறங்கி, கீழேயுள்ள கூழாங்கற்கள் வழியே வெளியேறியது. 'மெது மணல் வடிகட்டி' என்று இது பெயர் பெற்றது. இதில் நீர் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சென்டிமீட்டர் மட்டுமே கீழிறங்கும்.

அக்காலத்தில் மணலை வெறும் சல்லடையாகவே கருதினர். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று 1892இல் ஜெர்மனியின் ஆம்பர்க்கு நகரில் பரவிய காலரா. எல்பா ஆற்று நீரை வடிக்காமல் அனுப்பிய அந்நகரில் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒட்டியிருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில் இன்னும் கீழே, ஆம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு நீர் எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. அங்கு நோய் பெரிதாகப் பரவவில்லை. காலரா நுண்ணுயிரோ மணலின் இடைவெளியைவிடப் பல மடங்கு சிறியது. சல்லடை அதைத் தடுத்திருக்க முடியாது.

விடை மணலின் மேற்பரப்பில் இருந்தது. சில வாரங்கள் ஓடிய மணல் படுகையின் மேல் நுண்ணுயிர்கள், பாசிகள், ஒரு செல் உயிரிகள் சேர்ந்து வழவழப்பான படலமாக வளர்கின்றன. அப்படலமே நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்கிறது. புதிதாகக் கழுவிப் போட்ட மணலுக்கு இந்த ஆற்றல் இல்லை. அழுக்கு என்று சுரண்டி எறியத் தோன்றும் படலமே வடிகட்டியின் உயிர்ப்பகுதி என்பது அக்காலப் பொறியாளர்களுக்குப் புதிய செய்தி.

சென்னையில் 1872இல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த வாய்க்கால் மூலம் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு வடிக்கப்படாமலேயே நகருக்கு அனுப்பப்பட்டது. 1914இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின.

கண்ணாடித் தொட்டியும் வாரிங்டன் குடும்பமும்

1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள், நீர்க்கொடி, நத்தைகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்து ஆய்வு செய்தார். செடி உயிர்வளி தரும்; மீன் அதைச் சுவாசிக்கும்; அழுகும் இலையை நத்தை தின்னும். நீரை மாற்றாமலே தொட்டி நெடுநாள் நிலைத்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் என்றி காசு எழுதிய நூல் இப்பொழுதுபோக்கை இங்கிலாந்தின் வீடுகளுக்குக் கொண்டு சென்றது.

ஆனால் மீன்களின் எண்ணிக்கை கூடினால் சமநிலை குலைந்தது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. எஞ்சிய தீவனம் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அது நிறமற்றது, நீரைக் கலக்காது, மீனைக் கொல்லும். இதைத் தீர்க்கும் உயிரிகள் வேறொரு துறையில் கண்டுபிடிக்கப்பட்டன. 1877இல் பிரான்சில் சுலோசிங், முண்ட்சு என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டனர். முதல் சில வாரங்கள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பிறகு திடீரென நைட்ரேட்டு வரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே இவ்வேலையைச் செய்வது மணலன்று, மணலில் குடியேறிய உயிர்கள் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இந்த மாற்றம் இரண்டு படிகளில், இரண்டு வகை உயிரிகளால் நடக்கிறது என்பதைத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் உராத்தம்சுடெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இராபர்ட் வாரிங்டன். மீன்தொட்டி ஆய்வு செய்த வாரிங்டனின் மகன் இவர். தந்தையின் பெயரையே கொண்டவர். முதல் வகை உயிரி அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். 1890இல் உருசிய அறிவியலாளர் வினோகிராத்சுகி இவ்வுயிரிகளைத் தனித்துப் பிரித்துக் காட்டினார். தந்தை வைத்த தொட்டிக்கு எது தேவைப்பட்டது என்பதன் விடையை மகன் மண்ணில் தேடிக் கண்டார்.

இந்த அறிவு மீன் வளர்ப்போரிடம் வந்து சேர நெடுங்காலம் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொட்டியின் கூழாங்கல் படுகைக்கு அடியில் நீரை இழுக்கும் வடிகட்டிகள் பரவின. 1970இல் வெளிவந்த இசுடீபன் இசுபாட்டின் நூல் வடிகட்டுதலை உயிர்வழி, பொறிவழி, வேதிவழி என்று பிரித்து விளக்கியது. இன்று கடைகளில் சொல்லப்படும் மூவகைப் பிரிவு இதுவே.

சிரட்டைக் கரி

மூன்றாவது வழி கரி. 1785இல் இரசியாவில் தோபியாசு லோவிட்சு, மரக்கரி திரவங்களின் நிறத்தை உறிஞ்சுவதைக் கண்டறிந்தார். விரைவில் சர்க்கரை ஆலைகள் இதைப் பயன்படுத்தின. கரியை நீராவியில் உயர்வெப்பத்தில் சுட்டால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. இதுவே செயலூட்டிய கரி. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு இது பெருமளவில் தேவைப்பட்டபோது தேங்காய்ச் சிரட்டைக் கரி மிகச் சிறந்ததாக அறியப்பட்டது. அதன் துளைகள் மிக நுண்ணியவை, கரி உறுதியானது. தமிழகத்தின் தென்னை மிகுந்த பகுதிகளில் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குவது இன்று ஒரு தொழில்.

கரி மண்ணைப் பிடிக்காது. அம்மோனியாவையும் குறிப்பிடத்தக்க அளவில் பிடிக்காது. மரத்துண்டு, பாதாம் இலை ஆகியவற்றால் வரும் தேநீர் நிறம், வாடை, மீனுக்குக் கொடுத்த மருந்தின் எச்சம், குளோரின் ஆகியவற்றை அது பற்றிக்கொள்ளும். துளைகள் நிரம்பியதும் வேலை நின்றுவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் கரியை எடுத்துவிட வேண்டும்.

பாயளவில் ஒரு கணக்கு

வடிபொருளின் மதிப்பு அதன் எடையில் இல்லை, பரப்பில் இருக்கிறது. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட பாயின் பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் அளவுள்ள கூழாங்கல் ஒரு லிட்டர் எடுத்தால், எல்லாக் கற்களின் மேற்பரப்பும் சேர்ந்து சுமார் 0.7 சதுர மீட்டர்; அரைப் பாய்க்கும் குறைவு. 1 மில்லிமீட்டர் மணல் ஒரு லிட்டரில் சுமார் 3.6 சதுர மீட்டர். இரண்டு பாய்கள் விரிக்கலாம். செயலூட்டிய கரியில் ஒரே ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். அறுநூறு பாய்களுக்குச் சமம்.

இப்படியானால் கரியே சிறந்த உயிர்வழி வடிபொருளா என்று கேட்கலாம். அன்று. கரியின் துளைகள் நுண்ணுயிர் நுழைய முடியாத அளவு சிறியவை. அவை மூலக்கூறுகளுக்கு உரிய இடங்கள். நுண்மணலுக்கும் குறை உண்டு, விரைவில் அடைத்துக்கொள்ளும். நுண்ணுயிர் குடியேறும் அளவுக்குத் துளையும், நீர் தடையின்றி ஓடும் அளவுக்கு இடைவெளியும் சேர்ந்து அமையவே சுட்டமண் வளையங்களும் நெகிழிப் பந்துகளும் உருவாக்கப்பட்டன.

தமிழகத்தில் மீன்தொட்டி

இந்தியாவின் தொடக்க கால மீன் காட்சியகங்களுள் ஒன்று சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்சுடன் முயற்சியால் இது அமைந்தது. பின்னர் மீன்வளத் துறையின் பொறுப்புக்குச் சென்றது. வண்ணமீன் வளர்ப்பு வீடுகளுக்குப் பரவியபோது சென்னையின் கொளத்தூர் அதன் பெரிய சந்தையாக வளர்ந்தது. தூத்துக்குடியில் 1977இல் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரி தென்மாவட்டங்களில் இத்துறைக்கான கல்விக்கு இடமானது.

எதை, எப்போது தேர்ந்தெடுப்பது

மேற்கண்ட வரலாற்றைக் கொண்டு வடிபொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. முதலில் நீர் ஏன் கலங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாம்பல் நிறப் புழுதி என்றால் மணலோ கல்லோ சரியாகக் கழுவப்படவில்லை. ஸ்பாஞ்சும் அதற்குப் பின் மெல்லிய பஞ்சும் போதும். புதிய தொட்டியில் பால் கலந்தது போன்ற வெண்மை தோன்றினால் அது நுண்ணுயிர்ப் பெருக்கம். தீவனத்தைக் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டும். பச்சை நிறம் என்றால் மிதக்கும் பாசி. வெயிலையும் விளக்கு நேரத்தையும் குறைக்க வேண்டும், வடிபொருள் மாற்றம் பெரிதாக உதவாது. பழுப்பு நிறம் என்றால் கரி உதவும்.

அடுக்கும் வரிசை ஆற்றின் வரிசையே. நீர் நுழையும் இடத்தில் பெருந்துளை ஸ்பாஞ்சு, அடுத்து நுண்துளை ஸ்பாஞ்சு, அதற்கடுத்து சுட்டமண் வளையம், தேவைப்பட்டால் கடைசியில் கரி. வளையத்தை முதலில் வைத்தால் குப்பை அதன் துளைகளை அடைத்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பளிச்செனக் கழுவுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் வாரக்கணக்கில் குடியேறிய நுண்ணுயிர்கள் சாகும். அன்று மாலை நீர் தெளிவாக இருக்கும். சில நாட்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, ஒரு முறைக்கு ஒரு பகுதியை மட்டும் அலச வேண்டும். புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன்களைச் சிலவாகவே விட வேண்டும்.

கல்லையும் சோதித்துப் போட வேண்டும். திருநெல்வேலிக்கு அருகில் தாழையூத்தில் சிமெண்டு ஆலை எழுந்ததற்கு அங்குள்ள சுண்ணாம்புக்கல் காரணம். இத்தகைய கல் நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். காரம் கூடிய நீரில் அம்மோனியாவின் நச்சும் கூடும். கல்லின்மேல் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைத்தால் அதைத் தவிர்க்கலாம்.

பள்ளத்தாக்கின் வடிபொருள்

தாமிரபரணிப் படுகையின் மணலும் ஒரு வடிபொருளே. அதன் பயனாளிகள் மனிதர்கள். ஆற்றுப் படுகையில் கிணறுகள் இறக்கி மணலில் வடிந்த நீரை எடுக்கும் திட்டங்கள் இப்பள்ளத்தாக்கில் பல உள்ளன. வறண்ட கடற்கரை நகரமான தூத்துக்குடிக்கு 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே கொண்டுவரப்பட்டது. நகராட்சித் தலைவராக இருந்து அதற்கு உழைத்த குரூஸ் பர்னாந்து அந்நகரில் இன்றும் நினைக்கப்படுகிறார்.

கட்டுமானத்துக்காக மணல் அள்ளப்பட்டபோது அந்த வடிபொருளே குறைந்தது. மணல் ஆழம் குறைந்தால் நீர் கடந்து வரும் தூரம் குறையும். வெள்ளத்துக்குப் பின் படுகையில் தங்கும் நீரும் குறையும். கரையோரக் கிணறுகள் கீழிறங்கும். திருவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது.

வளையம் பாழானால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம்; நுண்ணுயிர்கள் ஆறு வாரத்தில் திரும்பிவிடும். ஆற்று மணல் அப்படியன்று. மலைப்பாறை வெள்ளத்தில் உடைந்து, உருண்டு, தேய்ந்து பல தலைமுறைகளில் சேர்ந்தது அது. மீன்தொட்டிக்கு இரண்டு கிலோ மணல் போதும். அதைக்கூட ஆற்றிலிருந்து அள்ளாமல், உடைத்த வெண்கல் மணலையோ சுட்டமண் வளையத்தையோ பயன்படுத்தலாம். பத்தமடையில் கோரை ஊறுவதற்கும் தூத்துக்குடியில் குழாயில் குடிநீர் வருவதற்கும் ஆற்று மணல் ஆற்றிலேயே இருக்க வேண்டும்.